புளித்த மண்ணும் கண்ணாடிக் குமிழும்

போன கிழமை மாமா ஒரு சொப்பிங் பேக்கில் மண்ணைக் கட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். லயத்துக்குப் பின்னால், பழைய தேயிலை மலையின் ஓரத்தில், கால் ஏக்கர்கூட வராத ஒரு துண்டு நிலத்தில் அவர் கோவா போடுகிறார். இரண்டு போகமாக ஒரே தொல்லை. காலையில் நன்றாக நிற்கிற செடி வெயில் ஏறினால் தலையைத் தொங்கப்போட்டுவிடுகிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் வீங்கி, இஞ்சி மாதிரி முடிச்சு முடிச்சாக இருக்கிறது.

"மண்ணு புளிச்சிருச்சு மாப்புள. அது எனக்கே தெரியுது. எவ்வளவு புளிச்சிருக்குனு மட்டும் ஒன் மிசின்ல போட்டுச் சொல்லு" என்றார்.

மிசின் என்று அவர் சொன்னது பேனா அளவுள்ள ஒரு பி.எச். மானியை. தோட்டப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மானி என் சொந்தக் காசில் வாங்கியது. மண்ணைத் தாளில் பரப்பி உலர்த்தி, கல்லும் வேரும் போகச் சலித்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு வடித்த நீர் ஊற்றிக் கலக்கி, அரை மணித்தியாலம் அப்படியே விட்டேன். அதற்குள் மாமா ஒரு பிளேன்டீ குடித்து முடித்தார். பிறகு மானியின் நுனியைத் தெளிந்த நீரில் இறக்கினேன். எண் கொஞ்சம் ஆடி, 4.6இல் நின்றது.

"இதக் கண்டுபுடிச்சவன் வெவசாயியா?"

"இல்ல மாமா, வாத்தியாரு. யூனிவர்சிட்டியில கெமிஸ்ட்ரி படிச்சிக் குடுத்தவரு. அப்புறம் வேலைய விட்டுட்டு சொந்தமா கம்பனி நடத்தப் போயிட்டாரு."

"அப்ப பொழச்சுக்கிட்டான்னு சொல்லு."

ஆர்னோல்ட் பெக்மனின் கதையைப் பலரும் மாமா மாதிரியேதான் சொல்கிறார்கள். படிப்பு, பிறகு பேராசிரியர் வேலை, பிறகு கம்பனி, பிறகு கோடிகள். எனக்கு அந்த வாழ்க்கை வேறு மாதிரித் தெரிகிறது. அவர் தேடிப்போய்க் கண்டுபிடித்தவை குறைவு. யாராவது ஒருவர் ஒரு முறைப்பாட்டோடு வந்து முன்னால் நிற்பார்; இவர் காது கொடுத்துக் கேட்பார்; கேட்டவர் திரும்பத் திரும்பத் தன்னிடம் வந்து நிற்கத் தேவையில்லாதபடி அதற்கு ஒரு பெட்டி செய்து கொடுத்துவிடுவார். மாமாவின் மண்ணை இரண்டு நிமிடத்தில் படித்துச் சொன்ன பேனாவும் அந்த வழியில் வந்ததுதான்.

முதலில் அந்த 4.6.

பி.எச். என்ற அளவுகோல் பிறந்தது ஒரு பியர் கம்பனி நடத்திய ஆய்வுகூடத்தில். கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் வேலை செய்த சோரென்சென், ஒரு கரைசலில் ஐதரசன் அயன்கள் எவ்வளவு செறிவாக இருக்கின்றன என்பதைச் சின்ன எண்ணாகச் சொல்ல 1909இல் இதைக் கொண்டுவந்தார். 7 என்றால் நடுநிலை. கீழே இறங்க இறங்கப் புளிப்பு, மேலே ஏற ஏறக் காரம். இதில் ஒரு படி என்பது பத்து மடங்கு. கோவாவுக்கு 6.5ஐத் தாண்டிய மண் பிடிக்கும். மாமாவின் மண் 4.6இல் இருக்கிறது. வித்தியாசம் இரண்டுதானே என்று நினைக்கக்கூடாது, அது கிட்டத்தட்ட நூறு மடங்கு. வேரை வீங்கவைக்கிற அந்த நோய்க்குப் புளித்த மண்தான் சொந்த வீடு. சுண்ணாம்பு போட்டு 7க்குப் பக்கத்தில் ஏற்றினால் அடங்கும்.

தேயிலைக்கு நேர்மாறு. 4.5 முதல் 5.5 வரை அதற்குச் சொர்க்கம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அமோனியம் சல்பேற், யூரியா என்று வருசக்கணக்காகக் கொட்டினால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும்போது ஐதரசன் அயன்களை வெளியே விடுகின்றன. போதாததற்கு நம்முடைய மழை, கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவி ஆற்றுக்கு அனுப்புகிறது. மண் 4க்குக் கிட்ட இறங்கும். அதனால்தான் கவ்வாத்து வெட்டுகிற வருசத்தில் மலையில் வெள்ளைத் தூள் வீசுவார்கள். கண்டிக்குப் பக்கத்துத் திகனப் பகுதியில் வெட்டி அரைக்கிற டோலமைட் அது. வீசிவிட்டு வருகிறவர்களின் புருவம்கூட நரைத்திருக்கும். கூடிப்போனால் தேயிலைக்கே ஆகாது, இலை வெளிறிப்போகும். ஆகவே எவ்வளவு வீசுவது என்று முடிவு செய்ய முதலில் எண் தெரியவேண்டும். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருந்துகொண்டு தோட்டங்களுக்குச் சொல்லிவருவதும் இதைத்தான்: மண்ணை அளந்துவிட்டுப் போடுங்கள்.

நுவரெலியாப் பக்கம் வீட்டு வாசல்களில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு மானிதான். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் ஏறும், பூ நீலமாகும். சுண்ணாம்பு போட்டால் அதே செடி இளஞ்சிவப்புக்குப் போகும். என்ன, பதில் தெரியப் பூக்கும் வரை காத்திருக்கவேண்டும்.

நிறத்தை வைத்து அளப்பதுதான் பழைய வழி. பாடசாலையில் நாங்கள் பாசிச்சாயத்தாள் என்கிறோம். மரத்திலும் பாறையிலும் படரும் ஒருவகைப் பாசியிலிருந்து எடுத்த சாயம் என்பதால் அந்தப் பெயர். இந்தியப் பாடநூல்களில் லிட்மஸ் என்று இருக்கும், எனக்கென்னவோ நம்முடைய பெயர்தான் விசயத்தைச் சொல்கிறது. தாள் தீர்ந்துபோனால் செவ்வரத்தம்பூவைக் கசக்கிப் பிழிந்து சமாளிப்பேன். பிளேன்டீயில் எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் சட்டென்று வெளுக்கிறதே, அதுவும் இதே சங்கதி. சாயத் தண்ணீருக்கே புளிப்பு தெரிகிறது.

பெக்மனின் கதையும் ஓர் எலுமிச்சையில்தான் திரும்புகிறது.

கலிபோர்னியாவில் தோடம்பழமும் எலுமிச்சையும் பயிரிட்ட விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்திருந்தார்கள். சன்கிஸ்ட் என்ற பெயரில் பழம் விற்றவர்கள் அவர்கள்தான். அழகாக இல்லாத பழங்களைக் கடைக்கு அனுப்ப முடியாது. அவற்றைப் பிழிந்து சிற்றிக்கமிலம், பெக்டின் என்று எடுத்தார்கள். அதற்குச் சாறு எவ்வளவு புளிப்பு என்று சரியாகத் தெரியவேண்டும். சங்கத்தில் இரசாயனவியலாளராக இருந்த கிளென் ஜோசப் என்பவருக்கு இதுதான் வேலை, இதுதான் தலைவலி. சாறு கெடாமல் இருக்கக் கந்தகவீரொட்சைட்டுச் சேர்ப்பார்கள். அந்த வாயு எந்தச் சாயத்தையும் வெளுத்துவிடும். தாளை நனைத்தால் நிறம் மாறுவதற்குப் பதிலாக நிறமே போய்விடும். செவ்வரத்தம்பூவைக் கந்தகப் புகையில் காட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நிறம் இல்லாமல் அளக்க ஒரு வழி அப்போதே இருந்தது. மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஒன்றின் உள்ளே ஒரு கரைசலும் வெளியே வேறொரு கரைசலும் இருந்தால், இரண்டு பக்கத்துப் புளிப்பின் வித்தியாசத்துக்கு ஏற்றபடி கண்ணாடியின் குறுக்கே மிகச் சின்ன மின்னழுத்தம் ஒன்று உண்டாகும். ஜெர்மனியில் ஹாபரும் அவருடைய மாணவர் கிளெமென்சீவிச்சும் இதை 1909இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாத பொருள். அதன் ஊடாகக் கசிந்துவருகிற மின்னோட்டம் ஒன்றுமில்லை என்று சொல்லுமளவுக்குச் சின்னது. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் குமிழை வெங்காயத்தோல் மாதிரி மெல்லிசாக ஊதவேண்டும், தொட்டால் உடையும். கூடவே மின்னோட்டத்தை அளக்கிற மிக நுட்பமான கல்வனோமானி வேண்டும், அசைத்தால் கெடும். ஜோசப்பின் ஆய்வுகூடத்தில் இரண்டும் மாறி மாறி உடைந்துகொண்டிருந்தன. 1934இல் அவர், இலினோய் பல்கலைக்கழகத்தில் தன்னோடு படித்த பழைய நண்பனைத் தேடிக்கொண்டு பசடீனாவுக்குப் போனார். நண்பன் அப்போது கால்டெக் என்ற பெரிய விஞ்ஞானக் கல்வி நிறுவனத்தில் இரசாயனவியல் உதவிப் பேராசிரியர்.

அந்த நண்பன் எப்படிப்பட்ட ஆள் என்று இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும்.

பெக்மன் 1900ஆம் ஆண்டு இலினோய் மாநிலத்தில் கலம் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா இரும்புப் பட்டறை வைத்திருந்த கொல்லர். ஒன்பது வயதில் வீட்டுப் பரணில் ஒரு பழைய இரசாயனப் பாடநூல் அவர் கையில் அகப்பட்டது. அதில் சொல்லியிருந்த சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்துபார்க்க ஆரம்பித்தார். அப்பா வீட்டுக்கு வெளியே ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார், பையன் வீட்டைக் கொளுத்திவிடக்கூடாதே என்ற பயமும் இருந்திருக்கும். படிக்கிற காலத்தில் பேசாப்படம் ஓடுகிற கொட்டகைகளில் பியானோ வாசித்துக் காசு சம்பாதித்தார். இலினோயில் இரண்டு பட்டம் வாங்கிவிட்டுக் கால்டெக்கில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர், ஒரு வருசத்தில் அதை நிறுத்திவிட்டு நியூயோர்க்கில் வேலைக்குப் போனார். காரணம் மேபல் என்ற பெண். அந்தப் பெண்ணைத்தான் 1925இல் கல்யாணம் செய்தார். வேலை பார்த்த இடம் தொலைபேசிக் கம்பனியின் ஆய்வுப் பிரிவு. பின்னால் பெல் ஆய்வுகூடம் என்று உலகப் புகழ் பெற்றது. அங்கேதான் வெற்றிடக் குழாய், சின்ன மின்சைகையைப் பெரிதாக்குகிற விரியலாக்கி என்ற மின்னணு வித்தை கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஓர் இரசாயனவியலாளருக்கு இது தெரிந்திருப்பது அபூர்வம். 1926இல் கால்டெக்குக்குத் திரும்பி, 1928இல் கலாநிதிப் பட்டம் வாங்கி, அங்கேயே படிப்பிக்கத் தொடங்கினார். கண்ணாடி ஊதுவதிலும் கெட்டிக்காரர். அதை மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். பட்டறைக்காரன் பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா?

முதல் வியாபாரம் ஒரு நாற்றத்தில் தொடங்கியது. கடித உறைகளில் தபால் முத்திரை அச்சிடுகிற இயந்திரம் செய்த கம்பனி ஒன்றுக்கு, மை உள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்கிற பிரச்சினை. அவர்கள் கால்டெக்கின் தலைவர் மில்லிக்கனிடம் போக, அவர் பெக்மனைக் கைகாட்டினார். பெக்மன் அடைக்காத மை ஒன்றைச் செய்து கொடுத்தார். ஆனால் அதில் பியூற்றிரிக்கமிலம் கலந்திருந்தது. ஊசிப்போன நெய்யில் வருகிற வீச்சம் அதுதான். எந்த மைத் தொழிற்சாலையும் அதைச் செய்ய முன்வரவில்லை. சரி, நானே காய்ச்சுகிறேன் என்று இரண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கராஜின் மூலையில் காய்ச்சத் தொடங்கினார். இப்படிப் பிறந்ததுதான் அவருடைய முதல் கம்பனி. பணத்தைக் கொட்டியது என்று சொல்ல முடியாது. ஆனால் எலுமிச்சைக்காரர் வந்து கதவைத் தட்டியபோது, பொருள் செய்து விற்பதற்கான கொட்டகையும் பெயர்ப்பலகையும் தயாராக இருந்தன.

ஜோசப்பின் முறைப்பாட்டைக் கேட்டதும் பெக்மன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். கசிகிற மின்னோட்டம் போதவில்லை என்றால் குமிழை ஏன் மெல்லிசாக்கவேண்டும்? கசிவு சின்னதாகவே இருக்கட்டும், அதைப் பெரிதாக்கிப் பார்க்கலாமே.

பீலிக்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். பாறையிலிருந்து சொட்டுச் சொட்டாக வருகிற தண்ணீரால் ஒரு சக்கரத்தைச் சுற்றமுடியாது. ஆனால் அந்தச் சொட்டு ஒரு சின்னத் தட்டில் விழுந்து, தட்டின் பாரத்தால் மேலே இருக்கிற பெரிய குழாயின் வாய் கொஞ்சம் திறக்கும்படி செய்துவிட்டால்? சொட்டு கூடினால் பெரிய குழாயில் பாய்வதும் கூடும், குறைந்தால் குறையும். சொட்டை அளக்க அவசியமில்லை, பாய்ச்சலை அளந்தால் போதும். வெற்றிடக் குழாய் செய்வது இதைத்தான். கண்ணாடிக் குமிழின் நுண்ணிய அழுத்தம் குழாயின் வாயைக் காக்கிறது, மின்கலத்திலிருந்து வருகிற பெரிய ஓட்டம் அதற்கு ஏற்றபடி ஆடுகிறது. இப்போது குமிழைத் தடிப்பாக ஊதலாம், கைதவறினாலும் உடையாது. மென்மையான கல்வனோமானி போய், முரட்டுத்தனமான சாதாரண மானி வந்தது.

ஜோசப் கருவியை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் திரும்பி வந்து இன்னொன்று வேண்டும் என்றார். உடைந்ததாலா? இல்லை. ஆய்வுகூடத்தில் மற்றவர்கள் இரவல் வாங்கிப்போய்விடுகிறார்கள், அவசரத்துக்குத் தன் கையில் இல்லை. பெக்மனுக்குப் பொறி தட்டியது அப்போதுதான். ஒரே ஆய்வுகூடத்தில் இரண்டு வேண்டும் என்றால், உலகத்தில் எத்தனை வேண்டும்?

இதில் புதிதாக அவர் கண்டுபிடித்த விஞ்ஞானம் என்று எதைச் சொல்வது? அளவுகோல் சோரென்செனுடையது, குமிழ் வேறு ஆட்களுடையது, வெற்றிடக் குழாய் வானொலிப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. விரியலாக்கியைக் கண்ணாடி மின்வாயோடு, அதாவது அந்தக் குமிழோடு, சேர்த்துப் பார்த்தவர்கள் அவருக்கு முன்னும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் செய்தவை ஆய்வுகூட மேசையை அடைத்துக்கொண்டு, செய்தவர் பக்கத்தில் நின்றால் மட்டும் வேலை செய்தன. பெக்மன் குமிழ், குழாய், மின்கலம், மானி எல்லாவற்றையும் கைப்பிடி வைத்த ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கினார். மின்னணுவியல் தெரியாதவர் குமிழைத் தோய்த்து, திருகுபிடியைத் திருகி, எண்ணைப் படித்துவிட்டுப் போகலாம். இரசாயனவியலாளர்களுக்கு அதுவரை கருவி என்றால் தாங்களே கட்டிக்கொள்கிற ஒன்று. வாங்கித் திறந்து பாவிக்கிற பெட்டி என்ற எண்ணமே அவர்களுக்குப் புதிது.

விற்பது வேறு வித்தை. விலை 195 டொலர். அமெரிக்கா முழுவதும் வேலையில்லாமல் வரிசையில் நின்ற பொருளாதார மந்தக் காலம் அது. 1935இல் பெக்மனும் மேபலும் ரயிலேறி ஊர் ஊராக ஆய்வுகூடச் சாமான் வியாபாரிகளைப் பார்த்தார்கள். பிலடெல்பியாவில் ஒரு பெரிய வியாபாரி கணக்குப் போட்டுச் சொன்னார்: பத்து வருசத்தில் 600 விற்கலாம். 1936இல், விற்பனையின் முதல் முழு வருசத்திலேயே, 444 போய்விட்டன. காப்புரிமையும் அதே 1936இல் கிடைத்தது. கம்பனிக்கு அதற்குள் நஷனல் டெக்னிக்கல் லபொரட்டரீஸ் என்று கம்பீரமான பெயர். 1950இல்தான் அது பெக்மன் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆனது.

பேராசிரியர் வேலையை உடனே தூக்கிப்போடவில்லை. சில வருசம் பகலில் வகுப்பு, மற்ற நேரத்தில் கம்பனி என்று இரண்டு படகில் கால் வைத்திருந்தார். 1930களின் முடிவில்தான் முழுநேரமாகக் கம்பனிக்குப் போனார். எனக்கு இந்த இடம் பிடிக்கும். துணிந்து குதித்தார் என்று எழுதினால் வாசிக்க விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் சம்பளத்தை விட்டுவிடுவது சின்ன விசயமில்லை என்பது சம்பளக்காரனுக்குத் தெரியும்.

அடுத்து வந்த பெட்டி பி.எச். மானியைவிடப் பெரிய காரியம் செய்தது. உணவில் எவ்வளவு விற்றமின் ஏ இருக்கிறது என்று தெரிய, அந்தக் காலத்தில் எலிகளுக்குக் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். விற்றமின் ஏ புறவூதா ஒளியை ஒரு குறிப்பிட்ட அளவில் உறிஞ்சும். ஆகவே ஒளியை அனுப்பி எவ்வளவு மறுபக்கம் வருகிறது என்று பார்த்தால் போதும். கெரி என்ற கெட்டிக்காரப் பொறியியலாளர் முன்நின்று செய்த டீயூ நிறமாலை ஒளிமானி 1941இல் சந்தைக்கு வந்தது, விலை 723 டொலர். வாரக்கணக்கு வேலை நிமிடக்கணக்கானது. உள்ளே இருந்த விரியலாக்கி பி.எச். மானியின் வழித்தோன்றல். நியூக்கிளிக்கமிலங்களும் புறவூதாவை நன்றாக உறிஞ்சுவதால், பின்னால் டி.என்.ஏ. ஆராய்ச்சி செய்தவர்களுக்கு இந்தப் பெட்டி அன்றாடச் சாமான் ஆகிவிட்டது. 1976 வரை 30,000க்கு மேல் விற்றது. ஒரு விஞ்ஞானக் கருவிக்கு அது பிரமிக்கிற எண்ணிக்கை.

பி.எச். மானிக்குள் திருகுகிற சின்ன உறுப்பு ஒன்றுகூடத் தனி வியாபாரமானது. சுருள் சுருளாகக் கம்பி சுற்றி, பத்துத் தரம் திருப்பி நுணுக்கமாகச் சரிசெய்யக்கூடிய மாறுந்தடை. ஹெலிபொட் என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ராடார் செய்தவர்கள் அதைத் தேடி வந்தார்கள். அதே போரில் நீர்மூழ்கிக்கப்பல்களுக்காகக் கால்டெக் இரசாயனவியலாளர் லைனஸ் போலிங் ஓர் ஒட்சிசன் மானியை வடிவமைத்தார். அதைச் செய்து கொடுத்ததும் பெக்மன்தான். போர் முடிந்தபின் அது குறைமாதக் குழந்தைகளை வைக்கிற கண்ணாடிப் பெட்டிகளுக்குப் போனது, உள்ளே ஒட்சிசன் கூடிவிடாமல் பார்த்துக்கொள்ள. லொஸ் ஏஞ்சலஸ் நகரம் கண்ணெரிச்சல் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறியபோதும் பெக்மன் அந்த வேலைக்குள் இருந்தார். கால்டெக்கில் அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்ஸ்மிட், அதே முறையில் காற்றைப் பிடித்து ஆராய்ந்து, வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகிறது என்று காட்டினார். அதை அளக்கவும் பெட்டி வேண்டுமல்லவா?

முறைப்பாடு கேட்பதே தொழிலாக இருந்த இந்த மனிதர் ஒரே ஒரு தடவை கேட்காமல் விட்டார். நடந்தது இதுதான்.

திரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான வில்லியம் ஷொக்லி, சொந்தமாக ஓர் ஆய்வுகூடம் தொடங்க 1955இல் பெக்மனிடம் பணம் கேட்டு வந்தார். பெக்மன் கொடுத்தார். ஆய்வுகூடம் தன் பக்கத்தில், தெற்கு கலிபோர்னியாவில் இருக்கவேண்டும் என்பது பெக்மனின் விருப்பம். ஷொக்லிக்கு வயதான அம்மா இருக்கிற பாலோ அல்டோ பக்கம்தான் வேண்டும். பெக்மன் விட்டுக்கொடுத்தார். மவுன்டன் வியூவில் கடை விரித்தார்கள். ஷொக்லி சிறந்த இளைஞர்களைப் பொறுக்கி எடுத்தார். எடுத்தவர்களை ஒருவரையும் நம்பவில்லை. சந்தேகமும் சிடுசிடுப்பும் தாங்கமுடியாமல் அவர்கள் நேரே பெக்மனிடம் போய், இவரை நிர்வாகத்திலிருந்து விலக்குங்கள் என்று கேட்டார்கள். பெக்மன் முதலில் தலையாட்டினார், பிறகு தயங்கினார், கடைசியில் நோபல் பரிசு வாங்கியவர் பக்கமே நின்றுவிட்டார். 1957இல் எட்டுப் பேர் வெளியேறி ஃபெயார்சைல்ட் என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். அவர்களில் நொய்ஸ், மூர் இருவரும் 1968இல் இன்டெல்லைத் தொடங்கியவர்கள். சிலிக்கன் பள்ளத்தாக்கு என்று இன்று சொல்கிற இடத்தின் வரலாறு அந்த வெளிநடப்பிலிருந்துதான் கிளை விடுகிறது. பெக்மன் தன் பங்கை 1960இல் விற்றுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். எண்களைப் பெட்டிக்குள் அடக்கத் தெரிந்தவருக்கு ஆட்களின் மனவருத்தத்தை அளக்கக் கருவி இருக்கவில்லை என்பது என் கணிப்பு.

பின்கதை நீளமில்லை. கம்பனி 1982இல் ஸ்மித்கிளைன் என்ற மருந்துக் கம்பனியோடு சேர்ந்தது. அதற்கு முன்பே, 1977இல், அவரும் மேபலும் ஓர் அறக்கட்டளை தொடங்கி, சம்பாதித்ததில் பெரும்பகுதியை ஆராய்ச்சிக்கு எழுதிவைத்தார்கள். படித்த இலினோய், படிப்பித்த கால்டெக், இரண்டிலும் பெக்மன் பெயரில் ஆய்வுக்கூடங்கள் நிற்கின்றன. 2004இல், 104 வயதில் காலமானார்.

இதையெல்லாம் மாமாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் ஒன்று கேட்டார். "அந்த எலுமிச்சக்காரன் சம்பளத்துக்கு இருந்தவன் தானே? அவன் பேச்ச எப்புடிக் கேட்டாங்க?"

நல்ல கேள்வி. ஜோசப்புக்குச் சம்பளம் கொடுத்தது விவசாயிகளின் சங்கம். வீணாகிற பழத்தை என்ன செய்வது என்று கேட்கவே ஓர் இரசாயனவியலாளரை வைத்துக்கொண்டார்கள். அவருக்குக் கேள்வி வந்தது, கேள்வியை எடுத்துக்கொண்டு போக நண்பனும் இருந்தான். நம்முடைய மலையில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அது செய்த வேலையைக் குறை சொல்லமாட்டேன். இன்றைக்கு மலை முழுக்க நிற்கிற, விதை போடாமல் தண்டுத் துண்டு நட்டு வளர்க்கிற வீ.பி. தேயிலை அவர்கள் தந்ததுதான். ஆனால் அளக்கிற கருவி எப்போதும் வேறு யாருடையோ கையில்தான் இருந்தது. கொழுந்து எடுக்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரே கருவி தராசு. அதில் முள்ளைப் படிப்பது அவர்கள் இல்லை. எங்கள் அம்மா கொழுந்துக்குப் போன காலத்தில், சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகுதான் நிறை ஏட்டில் ஏறும். அம்மா ஒருநாள் கொழுந்தைக் கூடையோடு கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, இதில் இன்னும் இரண்டு கிலோ இருக்கிறது என்றார். கணக்கப்பிள்ளை சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு இன்றும் பெக்மனின் பெட்டியில் பிடித்த விசயம், எண்ணை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதுதான்.

படிக்கலாம், கருவி உயிரோடு இருந்தால். நான் உயர்தரம் படித்த பாடசாலையில் நல்ல பி.எச். மானி ஒன்று இருந்தது. உடைத்துவிடுவோம் என்று கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். இரண்டு வருசத்தில் ஒரு தடவை திறந்து காட்டினார்கள். குமிழ் காய்ந்து, எதில் தோய்த்தாலும் எண் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தது. கண்ணாடி மின்வாய் காயக்கூடாது. அதன் மேற்பரப்பில் நீர் ஊறிய ஒரு படலம் இருந்தால்தான் அது வேலை செய்யும். பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் நனைந்தபடியே இருக்கவேண்டும். வடித்த நீரில் போட்டு வைத்தாலும் கெடும். பத்திரமாகப் பூட்டி வைத்தே கொன்றுவிட்டார்கள்.

மாமாவுக்கு டோலமைட் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். ஒரேயடியாகக் கொட்டவேண்டாம், பாதியை இப்போது கொத்திக் கலந்துவிட்டு, மழைக்குப் பிறகு அளந்து மீதியைப் போடலாம் என்றேன். அதுவரைக்கும் அந்தத் துண்டில் கோவா வேண்டாம், கடுகு வகையில் எதுவும் வேண்டாம், லீக்ஸ் போடுங்கள் என்றும் சொன்னேன். "லீக்ஸ்க்கு வெல இல்லையே மாப்புள" என்று முனகிவிட்டு, இருப்பு மண்ணை மடித்துக் கட்டிக்கொண்டார்.

போகும்போது வாசலில் திரும்பி, அடுத்த தடவை மிசினைத் தானே தோய்த்துப் பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். அவர் போன பிறகு குமிழைக் கழுவி, மூடிக்குள் மூன்று சொட்டு உப்புக் கரைசல் விட்டு மூடி வைத்தேன்.